தீனி டாக்டர்

கால்நடை மருத்துவம் படித்தவன் என்றால் எப்போதும் ஊசியும் கையுமாக இருப்பான் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். எனக்கும் ஊசி போடத் தெரியும். ஆனால் பணிக்காலத்தில் நான் மாடுகளுக்குப் போட்ட ஊசியைவிட எரித்துச் சாம்பலாக்கிய வைக்கோல்தான் அதிகம். என் துறை கால்நடை உணவியல். 1903-இல் வேப்பேரியில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புக்கு இதை எடுத்தபோது, அறுவை சிகிச்சைப் பிரிவு கிடைத்த நண்பர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு நாமக்கல் பக்கம் வேலைக்கு வந்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு அமைந்த பெயர் 'தீனி டாக்டர்'. மாடு விழுந்துவிட்டால் கூப்பிட வேறு டாக்டர் உண்டு. 'எத்தன ஊசி போட்டும் சினை நிக்க மாட்டேங்குதுங்க', 'சொசைட்டியில கொழுப்பு கம்மின்னு எழுதறாங்க' என்று வருகிறவர்களைத்தான் கடைசியில் என் அறைக்கு அனுப்பி வைப்பார்கள்.

இந்த வேலையின் பாதி ஆய்வகத்தில் நடக்கும். வைக்கோலையோ சோளத்தட்டையோ அரைத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, 600 டிகிரி உலையில் சில மணி நேரம் வைத்தால் எரிவதெல்லாம் எரிந்து சாம்பல் மட்டும் நிற்கும். பல தீவனங்களின் சாம்பல் கிண்ணத்தின் அடியைத்தான் மறைக்கும். நெல் வைக்கோல் அப்படியில்லை. எடையில் 15 சதவீதம் வரை சாம்பலாகவே நின்றுவிடும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. மணல் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. புரதம் 3, 4 சதவீதம் இருந்தால் அதிகம். இருக்கிற கொஞ்சநஞ்சச் சுண்ணாம்புச் சத்தையும் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கோபுரம் கோபுரமாக வைக்கோல் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரும்போது எனக்கு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வரும். இதையும் தின்றுவிட்டுப் பால் கொடுக்கிறதே ஒரு பிராணி என்ற வியப்பும் கூடவே வரும்.

புரதம் பார்க்க ஜெல்டால் முறை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை ஒட்டிய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜோஹன் ஜெல்டால் 1883-இல் வெளியிட்டது. தானியத்தில் புரதம் எவ்வளவு என்று பீர் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. அவர்களுடைய கவலை எங்கள் புண்ணாக்குக்கும் உதவியது. மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கினால் புரதம். இதில் ஒரு ஓட்டை உண்டு. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு வியாபாரி கொண்டுவந்த புண்ணாக்கு மாதிரியில் அந்தப் புண்ணாக்கில் இருக்கவே முடியாத அளவுக்குப் புரதம் காட்டியது. யூரியாவைக் காட்டிக்கொடுக்கும் கரைசலைச் சொட்டு விட்டதும் பளிச்சென்று மஞ்சள் எழுந்தது. அவர் அசரவில்லை. 'மாட்டுக்கு யூரியா நல்லதுன்னு நீங்கதானே சார் கூட்டத்துல சொன்னீங்க' என்றார். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையின் வழியாகத்தான். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் வேடிக்கை. கோழிக்கு யூரியாவால் எந்தப் பயனும் இல்லை. மாட்டுக்கு, அளவோடு கொடுத்தால், உண்டு. காரணம் மாடு இல்லை. மாட்டின் வயிற்றுக்குள் குடியிருக்கிற நுண்ணுயிர்கள். அவை யூரியாவின் நைட்ரஜனை எடுத்துத் தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்ளும். பிறகு அவையே அடுத்த வயிற்றுக்கு நகர்ந்து மாட்டுக்குப் புரதமாகும். புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் நம்பியது செவலையின் வயிற்றுக்குள் கையை விட்ட பிறகுதான்.

செவலை எங்கள் பண்ணையின் கலப்பினப் பசு. கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடது பக்கம், முதல் வயிற்றுக்குள் நேராகத் திறக்கும்படி துளையிட்டு ரப்பர் மூடி பொருத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் ஷாக், அமடான் என்ற இருவர் 1928-இல் இப்படித் துளையிட்ட மாடுகளைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க உணவியல் துறைகளில் இப்படி ஒரு மாடு நிற்பது வழக்கமாயிற்று. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேட்பது 'வலிக்காதா சார்?' என்றுதான். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்த அறுவை, புண் ஆறி வருஷங்கள் ஆகிவிட்டன என்று சொல்வேன். என் சொல்லை நம்பாதவர்கள் செவலையின் முகத்தைப் பார்த்து நம்புவார்கள். முழங்கை வரை என் கை உள்ளே இருக்கும்போதே அவள் கண்ணைப் பாதி மூடி அசை போட்டுக்கொண்டிருப்பாள்.

உள்ளே 39 டிகிரி சூடு. மேலே வைக்கோல் மெத்தையாக மிதக்கும். விரலால் விலக்கித்தான் இறங்க வேண்டும். அதற்குக் கீழே வெதுவெதுப்பான கூழ். நிமிஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வயிற்றின் சுவர் முழுவதும் சுருங்கி, கையைப் பிடித்து அழுத்திவிட்டு விடும். நைலான் துணிப்பையில் அரைத்த வைக்கோலைக் கட்டி அந்தக் கூழில் முக்கிவிட்டு, 48 மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவிக் காயவைத்து நிறுப்போம். கடலைப் புண்ணாக்கு போட்ட பையில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. வைக்கோல் பையில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். அந்த வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. மாலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

அந்தக் கூழின் ஒரு மில்லி லிட்டரில் 1000 கோடி பாக்டீரியா இருக்கும். எல்லாம் ஒரே ஜாதி இல்லை. நாரைச் சிதைப்பவை வேறு, மாவுச்சத்தைத் தின்பவை வேறு. நாம் தினமும் என்ன போடுகிறோமோ அதற்கேற்ப உள்ளே குடித்தனம் அமையும். தீனி மாறினால் அந்தக் குடித்தனமும் மாற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். என்னிடம் வந்த கேஸ்களில் பாதிக்குமேல் இந்த இரண்டு மூன்று வாரத்தைக் கொடுக்காததால் வந்தவை. பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மாட்டை மெல்ல மெல்லத் தேற்றிவிட முடிகிறது. ஒரே நாளில் வந்த செழிப்பில் விழுந்த மாட்டைத் தூக்கி நிறுத்துவதுதான் பெரும்பாடு.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலையோடு மாடு படுத்திருக்கும். வருஷமெல்லாம் உழைத்த ஜீவன், இன்றைக்காவது வயிறாரத் தின்னட்டும் என்று பானையோடு பொங்கலை வைத்திருப்பார்கள். ஒரு கவளம் ஊட்டினால் ஒன்றும் ஆகாது. பானை முழுக்க வைத்தால், குழைந்த சோற்றின் மாவுச்சத்து சில மணி நேரத்துக்குள் புளித்துப்போகும். மாவைத் தின்னும் ஒரு வகை பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அமிலம் கூடக்கூட மற்ற நுண்ணுயிர்கள் சாகும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். கண் உள்ளே போய்விடும். சாணம் புளித்த வாடையோடு நீராகப் போகும். மாடு எழுந்து நிற்காது. கல்யாண வீட்டில் மிஞ்சிய அன்னக்கூடைச் சோறு, களத்தில் அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்த மக்காச்சோளக் குவியல், எல்லாவற்றுக்கும் கதை இதுதான்.

அப்படி ஒரு கேஸ் நன்றாக நினைவிருக்கிறது. ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம் முடிந்த அடுத்த நாள். நல்ல கறவையில் இருந்த பசு. மருத்துவப் பிரிவு நண்பர் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். குழாய் விட்டு வயிற்று நீர் கொஞ்சம் எடுத்துத் தாளில் தொட்டோம். நல்ல வயிற்றில் இளம்பச்சை காட்டும் தாள், ஆரஞ்சு நிறமாயிற்று. pH அளவு 5-க்குக் கீழே. சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கொண்டு போயிருந்த நுண்ணோக்கியில் பார்த்தேன். நல்ல வயிற்று நீரில் புரோட்டோசோவா என்ற சற்றுப் பெரிய உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்தும். இதில் ஒன்றுகூட அசையவில்லை. வயிற்றைக் கழுவி, ஆப்பசோடா கரைத்து ஊற்றி, ரத்தக்குழாயில் பாட்டில் ஏற்றினார் நண்பர். மறுநாள் காலை என் பங்கு. செவலையின் மூடியைத் திறந்து, கூழை அள்ளித் துணியில் பிழிந்து, அந்த நீரை ஃபிளாஸ்க்குகளில் நிரப்பிச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் குழாய் வழியாக உள்ளே விட்டோம். உறைமோர் ஊற்றுவது போலத்தான். பால் மட்டும் இருந்து என்ன செய்ய, உறைக்கு ஒரு கரண்டி வேண்டுமே. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். மாடு எழுந்ததையோ தண்ணீர் குடித்ததையோ அவர் சொல்லவில்லை. 'அசை போட்டுருச்சுங்க' என்றார். அவ்வளவு போதும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அசை போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய பசு ஒன்று ஒரு நாளில் சுரக்கும் உமிழ்நீர் 100 லிட்டரைத் தாண்டும். அந்த உமிழ்நீரில் இயல்பாகவே சோடா உப்பு உண்டு. வயிற்றில் ஊறும் அமிலத்தை அதுதான் மட்டுப்படுத்துகிறது. நாரை மென்றால்தான் உமிழ்நீர் ஊறும். கொழுப்புக் குறைகிறது என்று வருகிறவர்களிடம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால், மூட்டைத் தீவனத்தின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். வைக்கோல்? 'அதுல என்னங்க சத்து இருக்குது, கொறச்சுட்டோம்' என்பார்கள். பாலின் கொழுப்புக்கு அடிப்படையான அசிட்டிக் அமிலம் நார் செரிப்பதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. நான் கிண்ணத்தில் எரித்துக் குறை சொன்ன அதே வைக்கோலைக் கூடுதலாகப் போடச் சொல்லி அனுப்புவேன். சிலர் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு என்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அது குச்சிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைக்காகப் பயிரிடுவது. ஆலையில் மிஞ்சும் திப்பியைக் காயவைத்தால் மாட்டுக்கு நல்ல மாவுச்சத்துத் தீவனம். ஆனால் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு ஒளிந்திருக்கிறது. கிழங்கு பிடுங்கும் காலத்தில் பசியோடு காட்டில் நுழைந்த மாடு வாய் நிறையத் தின்றுவிட்டால், டாக்டர் வந்து சேரும் வரை பிழைத்திருப்பதே அதிர்ஷ்டம். மூச்சு இரைக்கும், தள்ளாடும், விழும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பளபளவென்று சிவந்திருக்கும். மாற்று மருந்தில் ஒன்றான சோடியம் தயோசல்பேட், அந்தக் காலத்தில் போட்டோ கழுவப் பயன்பட்ட ஹைப்போ. அவசரத்துக்கு ஸ்டூடியோக்காரரிடம் வாங்கிக்கொண்டு ஓடியவர்களை நான் அறிவேன். இலையை நன்றாக வாடவைத்துக் காயப்போட்டுக் கொடுத்தால் சயனைடு பெருமளவு போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

விஷத்தையே பழக்கிக்கொண்ட வயிறுகளும் உண்டு. சவுண்டல் என்று நம் ஊரில் சொல்லும் சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அதிகம் தின்றால் ஆட்டுக்கு ரோமம் கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதைத் தின்று அவதிப்பட்டன. ஹவாய்த் தீவில் அதே தழையைத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், ஹவாய் ஆடுகளின் வயிற்றில் அந்த நச்சை முறிக்கும் பாக்டீரியா இருக்கவேண்டும் என்று ஊகித்தார். 1980-களில் அந்த வயிற்று நீரைக் கொண்டுபோய்ச் சொந்த நாட்டுக் கால்நடைகளுக்குக் கொடுத்துக் காட்டினார். அவை தழையைத் தின்று தெம்பாக நின்றன. 1992-இல் அந்த பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தபோது ஜோன்ஸின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. புதிய மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஆட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மனிதர் யோசித்தார், அவ்வளவுதான்.

பிடித்ததைச் சொன்னால் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கு போனாலும் யூரியா வைக்கோல்தான் பேச்சு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைப்பது. பிரித்தால் அம்மோனியா நெடி கண்ணில் நீரை வரவழைக்கும். ஆறவிட்டுப் போட்டால் மாடு விரும்பித் தின்னும். புரதம் இரட்டிப்பாகும், நார் இளகும், செரிமானம் கூடும். ஆய்வகத்தில் எல்லாமே சரி. செவலையின் நைலான் பையும் அதையே சொன்னது. ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினோம். கைதட்டினார்கள். நாங்கள் திரும்பி வந்ததும் தாளைக் கழற்றித் தானியம் காயப்போட எடுத்துக்கொண்டார்கள்.

விவசாயிக்கு அறிவு போதவில்லை என்று அறிக்கை எழுதினவர்கள் உண்டு. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. காலையில் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, களை எடுக்கப் போய் வருகிற பெண்ணிடம், வாரக்கணக்கில் முன்கூட்டியே திட்டம் போட்டு, தண்ணீர் சுமந்து, வைக்கோல் மிதிக்கச் சொல்கிறோம். யூரியா மூட்டையை வாங்கி வரவேண்டிய ஆளோ வீட்டு ஆண். அவருக்கு அது நெல்லுக்கு வேண்டும். நாங்கள் எழுதிய கட்டுரைகள் எதிலும் அவளுடைய நேரத்துக்கு ஒரு பத்தி இருந்ததில்லை. இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவில் பல நாடுகளிலும் இந்த உத்தி ஆய்வுப் பண்ணையைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

அதே பெண்கள்தான் பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கைத் தட்டி வெயிலில் காயவைத்து மாட்டுக்குப் போடுகிறவர்களும். மனுஷன் தின்ன முடியாததை மாடு தின்னும் என்பது பழைய நம்பிக்கை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோது, காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். வெயிலுக்கு அது முழுதாக அழியாது. பசு தின்ற நஞ்சில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, வேறு வடிவில், ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே கண்ணாடித் தகட்டில் நீலப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒளிர்வதை, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியபோதுதான் பல பெண்கள் நம்பினார்கள். ஒருத்தி உடனே கேட்டாள்: 'இந்தப் பாலத்தானே சார் எம்பொண்ணுக்கும் ஆத்தறேன்?' அதன் பிறகு அந்த ஊரில் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

மாடு கட்டும் கட்டுத்தாரையில் தீனியை எடை போடும் வேலையை நான் தொடங்கியது பிற்காலத்தில். தராசு, மார்புச் சுற்றளவு அளக்கும் நாடா, ஒரு நோட்டு. நாடா மாட்டின் எடையைச் சொல்லும். பாலின் அளவு சொசைட்டிப் புத்தகத்தில் இருக்கும். தீனியின் அளவு மட்டும் யாரிடமும் இருக்காது. பாடத்தில் நாங்கள் சொல்லும் கணக்கு எளிது: உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் மேலும் ஒரு கிலோ, நிறைசினைக்குக் கடைசி இரண்டு மாதம் கூடுதலாக ஒரு கிலோ. வீட்டில் இருப்பது போசி என்ற பாத்திரம்தான். அந்தப் போசியின் அளவு வீட்டுக்கு வீடு வேறு.

திருச்செங்கோடு பக்கம் ஒரு ஆத்தா வீட்டில் மூன்று உருப்படிகள். ஒன்று நல்ல கறவை, ஒன்று வற்றும் தறுவாயில், மூன்றாவது தலைச்சன் சினைக் கிடாரி. ஆத்தா போசியில் தவிட்டை அள்ளும்போதெல்லாம் வாங்கித் தராசில் வைத்தேன். 'மாடு தின்னுது, நாம போடறோம். இதுல எடை எதுக்கு சாமி?' என்றார். பார்த்தால் கறவைக்கும் வற்றுகிற மாட்டுக்கும் ஒரே அளவு, கிராம் பிசகாமல். கிடாரிக்குச் சோளத்தட்டு மட்டும். கறவை, தேவையில் பாதிதான் தின்றுகொண்டிருந்தது; மிச்சத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்துப் பாலாக்கிக்கொண்டிருந்தது. அது சினை பிடிக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிடாரியின் வயிற்றில் கன்று வேகமாக வளரும் மாதங்கள் அவை. ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம், வற்றுகிற மாட்டின் பங்கைக் குறைத்து மற்ற இரண்டுக்கும் பிரித்துப் போடுங்கள் என்றேன்.

ஆத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'கறக்கறதுக்கு மட்டும் போட்டா, பக்கத்துல கட்டியிருக்கறது பார்த்துக்கிட்டு நிக்காதா? அது மனசு என்ன பாடுபடும்? எட்டு ஈத்து ஈன மாடு சாமி அது.'

தேசியப் பால்வள வாரியத்தின் தீவனச் சமநிலைத் திட்டத்தில் கணினி கேட்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். எடை, ஈத்து, பால், கொழுப்பு, கையிருப்புத் தீவனம். இந்தக் கேள்வி அதில் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தவிட்டுப் போசியைக் கட்டுத்தாரைக்குக் கொண்டுவராமல், கறக்கும் இடத்துக்கு மாட்டை ஓட்டிப்போய் அங்கேயே வைத்துவிடலாமே என்றேன். கிடாரியை இன்னொரு நேரத்தில் வேப்பமரத்தடியில் கட்டிப் போடலாம். தட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக. ஆத்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது. தாது உப்புக் கலவையையும் கையோடு கேட்டு வாங்கினார். அதுவரை ஆவின் கூட்டத்தில் கொடுத்த பொட்டலம் ஒன்று பிரிக்கப்படாமல் பரண்மேல் கிடந்தது. அதை மருந்து என்று நினைத்து, நோய் வந்தால் கொடுக்க வைத்திருந்தாராம். தினமும் உப்புப் போடும் அதே கையால் தவிட்டோடு ஒரு பிடி என்று சொன்னதும் விளங்கிவிட்டது. 50 கிராம் என்று அச்சடித்திருந்தது அவருக்கு எட்டவில்லை.

கிடாரி ஈன்றதும், பால் கூடியதும், கறவை சினை நின்றதும் சொசைட்டி வழியாக எனக்குச் செய்தி வந்தது. என் கணக்குதான் காரணம் என்று மார்தட்ட மாட்டேன். அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்திருந்தது.

ஆத்தா இப்போது இல்லை. மருமகள்தான் மாடுகளைப் பார்க்கிறாள். போன மாதம் போன் செய்தாள். மக்காச்சோள சைலேஜ், அதாவது பதப்படுத்திய பசுந்தீவனம், அரை டன் உருண்டையாகக் கட்டி வண்டியில் வந்து இறங்கியிருக்கிறதாம். 'எத்தன போசி போடறதுங்க சார்?' முதல் வாரம் கால் பங்குக்கு மேல் வேண்டாம், தட்டைக் குறைக்காமல் கூடவே போடு, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். 'உருண்டையப் பிரிச்சுட்டா காத்துப் பட்டு ஒரு வாரத்துக்குள்ள கெட்டுப்போயிருமுன்னு வண்டிக்காரர் சொல்றாருங்களே. மூணு மாட்ட வெச்சுக்கிட்டு நான் எப்புடிங்க முடிக்கறது?' அவள் கேட்டது முற்றிலும் சரி. மாட்டின் வயிறு மெல்லப் போகச் சொல்கிறது, உருண்டை சீக்கிரம் முடிக்கச் சொல்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஏழெட்டு மாடு இருக்கிறதே, அவர்களோடு பங்கு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வீட்டுக்கும் நல்லது என்றேன்.

'அதாகாதுங்க சார்' என்றாள். 'வாய்க்கால் தகராறுல இருந்து அவீங்களோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லீங்க.'